மாமனார் ஒட்டிய லேபிள்

வியாழக்கிழமை காலை பதினொன்றே கால். கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த தபால் அலுவலக ஊழியர் ஒருவர் ரவுண்டானாவைச் சுற்றிப் போவதா குறுக்கே ஏறுவதா என்று குழம்பி, குறுக்கே ஏறுவதென்று முடிவெடுத்த அதே நொடியில், பிரேக் அக்காவின் கைப்பேசி அலறியது.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே மிதி. கார் நின்றது.

அவள் டிரைவிங் ஸ்கூல் டீச்சர். பதினான்கு வருஷ அனுபவம். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிப்பதில் அவள் காட்டிய வேகத்தால் உயிர் பிழைத்தவர்கள் வைத்த பெயர்தான் பிரேக் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி.

"எங்க இருக்கீங்க?" என்றார் வக்கீலம்மா, போனில்.

"ரவுண்டானா மேல."

"உக்காந்திருக்கீங்களா?"

"கார்ல நின்னுக்கிட்டா வருவாங்க மேடம்? விஷயத்தைச் சொல்லுங்க."

"பல் டாக்டரோட வக்கீல் மக்கர் பண்றார். உங்க வீட்டுக் குத்தகைப் பத்திரத்தோட ஒரிஜினல் வேணுமாம். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள. இல்லன்னா கையெழுத்து இல்ல."

பிரேக் அக்காவுக்கு ரவுண்டானா தானாகச் சுற்றியது.

அவள் குடியிருக்கும் மூன்றாவது மாடி வீடு அவளுடையதுதான். ஆனால் கட்டடம் நிற்கும் நிலம் மரக்கடை முதலாளியுடையது. தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகை. முப்பத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது. மிச்சம் அறுபத்தோரு வருஷத்தைத்தான் அவள் பல் டாக்டருக்கு விற்கிறாள். அந்த வருஷங்கள் அவள் கையில் இருப்பதற்கு ஒரே சாட்சி அந்தப் பத்திரம்.

விற்பது எதற்கு? நகரத்தின் மறு கோடியில் ஒரு கணக்கு வாத்தியார் தன் பழைய வீட்டை விற்கிறார். வீடு சுமார்தான். முற்றம் இருக்கிறதே, முற்றம்! ரிவர்ஸ் எடுக்கலாம், எட்டுப் போடலாம், கம்பம் நட்டு நடுவில் நுழைத்துப் பழகலாம். அப்படி ஓர் இடம் இருந்தால்தான் சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் நடத்த லைசென்ஸ் தருவார்கள். பதினான்கு வருஷமாக அடுத்தவன் போர்டை மண்டையில் சுமந்த காரில் ஊரைச் சுற்றியவளுக்கு, அந்த முற்றம் கனவில் கூட வந்துகொண்டிருந்தது. வாத்தியார் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குமேல் போனால், கிடங்கு தேடி அலையும் டைல்ஸ் கடைக்காரருக்கு.

"வாத்தியார்கிட்ட ஒரு வாரம் டைம் கேளுங்களேன்" என்றார் வக்கீலம்மா.

"கணக்கு வாத்தியார் மேடம். அவருக்கு அஞ்சுன்னா அஞ்சுதான். அஞ்சேகால்னா தப்பு விடை. ஆமா, பதிவு ஆபீஸ்ல நகல் வாங்க முடியாதா?"

"வாங்கலாம். மூணு மாசம் ஆகும்."

பிரேக் அக்கா போனை வைத்தாள். தபால் ஊழியர் பரிதாபமாகக் கேட்டார்: "மேடம், நான் இப்ப ரவுண்டானாவை விட்டு இறங்கலாமா?"

*

மூன்றாவது மாடிக்கு அறுபத்துநான்கு படி. லிஃப்ட் கிடையாது. வேடிக்கை என்னவென்றால் அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே அனுப்பிவிட்டு, சாயங்காலம் தான் மட்டும் மூச்சு வாங்கப் படியேறி வருவார்.

மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கிய வேட்டை ஆறு மணிவரை நடந்தது. பீரோ, கட்டிலடி, தையல் மெஷின் பெட்டி, எதையும் விடவில்லை.

வீட்டை வாங்கியவர் மாமனார். காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. ஒரு பெரிய கிடங்கில் மேலாளராக இருந்தவர். கிடங்குப் பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. எந்தப் பொருளும் லேபிள் இல்லாமல் இருக்கக் கூடாது. லேபிளில் ஒரு சொல்லுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தச் சொல் சுத்தத் தமிழாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் அவர் சட்டம். டார்ச் லைட்டில் 'ஒளி'. ஃபேன் சுவிட்சில் 'விசிறி'. ஃப்ரிட்ஜ் கதவில் 'மூடு'. மாட்டியிருந்த அவருடைய சொந்தப் போட்டோவுக்குக் கீழேகூட 'நான்' என்று ஒட்டியிருந்தார். இன்னும் அது சுவரில் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் ஒரு நிமிஷம் திகைத்துத்தான் நகர்வார்கள்.

ஆறு மணிக்குப் பரணின் மூலையில் ஒரு சாம்பல் நிற ஃபைல் கிடைத்தது. மேலே 'நகல்' என்று லேபிள். உள்ளே வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் போட்டோகாப்பி. குத்தகைப் பத்திரமும் இருந்தது. முப்பத்திரண்டு பக்கப் பத்திரத்தில் முதல் பக்கம் மட்டும். சிக்கனக்கார மனுஷன்.

கணவர் வந்தார். அவருக்கு உப்புச் சப்பில்லாத ஒரு தட்டும், அவளுக்குக் காரசாரமாக ஒரு தட்டும் மேஜைக்கு வந்தன. ஆறு வருஷமாக அந்த வீட்டில் இரண்டு சமையல். அவர் மிளகாயைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்று அவருடைய தங்கச்சி போட்ட உத்தரவு. அப்பாவுக்கு இருந்த வியாதி பரம்பரையாக வருமாம். தங்கச்சி பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். மறுத்துப் பேச யாருக்குத் தைரியம்?

"கிடைச்சுதா?" என்றார் கணவர், வெந்த காய்கறியை வெறுப்போடு புரட்டியபடி.

"காப்பிதான் கிடைச்சுது. பாருங்க, ஃபைல்ல 'நகல்'னு எழுதி வச்சிருக்கார்." அவள் ஃபைலைத் தட்டினாள். தட்டிய விரல் அப்படியே நின்றது. "ஏங்க... காப்பியைத் தனி ஃபைல்ல போட்டவர், ஒரிஜினலையும் தனி ஃபைல்ல போட்டிருப்பார்ல?"

"போட்டிருப்பார்."

"அதுல 'ஒரிஜினல்'னு எழுதியிருப்பாரா?"

"அப்பாவா? செத்தாலும் எழுதமாட்டாரு. தமிழ்லதான்..."

"ஒரிஜினலுக்குத் தமிழ்ல என்ன?"

கணவர் வாயைத் திறந்தார். மூடினார். ஸ்பூன் தட்டில் விழுந்தது.

"மூலம்" என்றார்.

சுவரில் 'நான்' இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, மாமாவுக்கு மூல வியாதின்னு டாக்டர் யாராவது சொன்னாங்களா?"

"டாக்டரா? இல்லியே. அவர் போனப்புறம் தங்கச்சிதான் சொன்னா. பீரோவை ஒதுங்க வைக்கும்போது ஃபைலைப் பாத்தாளாம். வெளிய சொல்லாதே, அப்பா மானம் போயிடும்னு..." சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "அப்ப நான் ஆறு வருஷமா வெறும் வெந்ததைத் தின்னுக்கிட்டு..."

மேற்கொண்டு பேசாமல் எழுந்து அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பிரேக் அக்கா நாத்தனாருக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. டியூட்டியில் இருந்தால் ஹெட் நர்ஸ் போனைத் தொடமாட்டாள். அது அவள் சட்டம். அந்தக் குடும்பத்தில் ஆளுக்கொரு சட்டம்.

*

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. நான்காவது வார்டு. நாத்தனாரின் குரல் தாழ்வாரத்தின் அந்தக் கோடிவரை கேட்டது.

"மருந்து பாட்டில்ல ஒட்டியிருக்கிறதைப் படிச்சா போதுமா? உள்ள என்ன இருக்குன்னு வெளிச்சத்துல பாக்க வேணாமா? கண்ணு எதுக்கு இருக்கு, மை போடவா?"

எதிரே நின்ற புது நர்ஸ் அழுகையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். பிரேக் அக்கா அந்த இடத்துக்கு நகர்ந்து நின்றாள்.

"அண்ணி! என்ன இந்த நேரத்துல? அண்ணனுக்கு ஏதாவது?"

"உங்கண்ணன் நல்லாருக்கார். உங்கப்பாவோட மூலம் ஃபைல் எங்க?"

நாத்தனார் அவளைத் தரதரவென்று துணி அடுக்கும் அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். "இங்கயா அதைப் பேசறது? ஆறு வருஷமா அப்பா மானத்தைப் பொத்திப் பொத்திக் காப்பாத்திட்டிருக்கேன். நீங்க வார்டு நடுவுல நின்னு ஏலம் போடறீங்க!"

"ஃபைல் எங்க நர்ஸம்மா?"

"அழிச்சாச்சு."

"அழிச்சாச்சுன்னா?"

"நோயாளி காகிதம் குப்பைக்குப் போகக் கூடாது, மெஷின்ல குடுத்துப் பொடியாக்கணும். எங்க ரூல் அது. இந்த வார்டு மெஷின்லதான் போட்டேன், என் கையால."

பிரேக் அக்காவின் கால் தன்னையறியாமல் தரையை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை.

"போடறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாத்தியா?"

"சீ! பெத்த அப்பாவோட அந்த விஷயத்தை எப்படி அண்ணி பிரிச்சுப் பாப்பேன்? ஃபைலுக்குள்ள ஒட்டின உறை ஒன்னு இருந்துச்சு, அது மேலயும் அதே லேபிள். அப்படியே மெஷினுக்குள்ள விட்டேன்."

"லேபிளை மட்டும் படிச்சுட்டு."

"ஆமா, லேபிள்ல தெளிவா..." நாத்தனாரின் குரல் பாதியில் அறுந்தது. அண்ணியின் முகத்தில் ஏதோ சரியில்லை. "ஏன்? அதுல என்ன இருந்துச்சு?"

பிரேக் அக்கா சொன்னாள். சுருக்கமாக, ஒரே வாக்கியத்தில்.

மூலையில் மடித்து வைத்திருந்த சக்கர நாற்காலியைப் பிரித்து, தலைமை நர்ஸ் அதில் தானே உட்கார்ந்துகொண்டாள்.

*

பகல் பன்னிரண்டு. வக்கீலம்மாவின் அலுவலகம். மேஜைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர்: பிரேக் அக்கா, அரை நாள் லீவு போட்டு வந்த கணவர், வார்டு உடையிலேயே வந்த நாத்தனார்.

"உலகம் இன்னும் முடிஞ்சுடல" என்றார் வக்கீலம்மா. "குத்தகைப் பத்திரம் எப்பவும் ஜோடியா எழுதுவாங்க. ஒன்னு வீட்டுக்காரருக்கு, இன்னொன்னு நிலத்துக்காரருக்கு. ரெண்டும் அச்சு அசல் ஒன்னு. மரக்கடை முதலாளிகிட்ட அவரோடது இருக்கு, காலைலயே போன்ல கேட்டுட்டேன். அதுலேருந்து நகல் எடுத்து, சரியான நகல்னு முத்திரை போட்டுக் குடுத்தா, பல் டாக்டரோட வக்கீல் ஒத்துக்குவார்."

"அப்ப கிளம்புவோம்!" கணவர் எழுந்துவிட்டார்.

"உக்காருங்க சார். முதலாளி சும்மா குடுக்கமாட்டார். பத்திரத்தை வேற எங்கயோ ஒளிச்சு வச்சுட்டுக் காணோம்னு சொன்ன ஆளுங்களை அவர் நிறையப் பாத்தவர். ஒரிஜினல் எப்படிப் போச்சுன்னு, போக்கடிச்சவங்களே சத்தியம் பண்ணி எழுதிக் கையெழுத்துப் போடணும். காரணத்தோட."

எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள்.

"முடியாது" என்றாள் நாத்தனார்.

"தங்கச்சி..."

"முடியாது அண்ணே. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். லேபிளை நம்பாதே, உள்ள பாருன்னு எத்தனை பிள்ளைங்களை அழவச்சிருக்கேன்? இன்னைக்குக் காலைல கூட ஒருத்தியை. இப்ப நானே லேபிளைப் பாத்து ஏமாந்தேன்னு ஊர் பேர் தெரியாத நாலு பேருக்கு எழுதிக் குடுக்கவா? அந்தப் பல் டாக்டர் எங்க ஆஸ்பத்திரிக்கு வாரம் ரெண்டு தடவை வர்றவரு!"

கணவர் தங்கையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தார். இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிய லிஃப்ட் மாதிரி இருந்தது அவர் நிலைமை.

மணி பன்னிரண்டு நாற்பது.

பிரேக் அக்கா நாத்தனாரை ஒரு கணம் பார்த்தாள். பயந்துபோனவர்களை அவளுக்குத் தெரியும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி மரம்போல் உட்கார்ந்திருப்பவர்களைக் கத்தி நகர்த்த முடியாது. கத்தினால் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். முற்றமும் கண்முன் வந்து போனது. அவள் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"பேனாவைக் குடுங்க மேடம். நான் தொலைச்சேன்னு எழுதறேன். பரணை ஒதுங்க வைக்கிறப்ப பழைய பேப்பரோட போட்டுட்டேன். முடிஞ்சுது கதை."

"சத்தியப் பத்திரம்மா" என்றார் வக்கீலம்மா மெதுவாக. "பொய்னு தெரிஞ்சு என்னால..."

"உங்களுக்குத் தெரியாது. நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கோங்க."

அவள் எழுத ஆரம்பித்தாள். 'நான், கீழே கையொப்பமிட்டவள்...' ஒரு வரி. இரண்டாவது வரியில் ஒரு கை வந்து காகிதத்தின் மேல் பொத்தென்று விழுந்தது.

"என்ன எழுதறீங்க?" நாத்தனாரின் குரல் வார்டுக் குரலாக மாறியிருந்தது. "நடக்காததை நடந்ததா எழுதறீங்க. என் வார்டுல சார்ட்டுல இப்படி ஒருத்தி எழுதினா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சு அனுப்பிடுவேன். தெரியுமா?"

"நீதான் எழுதமாட்டேங்கிறியே."

"கையெழுத்துப் போட வெக்கமா இருக்குன்னு சொன்னேன். பொய் எழுதுங்கன்னா சொன்னேன்?" பேனாவைப் பிடுங்கினாள். புதுக் காகிதம் எடுத்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டினாள். "நகருங்க. நடந்ததை எழுத எனக்குத் தெரியும்."

எழுதினாள். வார்டு ரிப்போர்ட் எழுதுகிற கை அது. நேரம், இடம், கிழமை, மெஷினின் வரிசை எண் எல்லாம் வந்து விழுந்தன. 'மேற்படி உறையின் மேல் மூலம் என்று என் தகப்பனாரின் கையெழுத்தில் எழுதியிருந்தது. அதை மூல வியாதி என்று நான் புரிந்துகொண்டேன். உறையைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். அது மூலப் பத்திரம் என்று இன்று காலை எட்டு பத்துக்கு அறிந்தேன். என் தகப்பனாருக்கு மேற்படி வியாதி இருந்ததில்லை.'

கடைசி வாக்கியத்தின் கீழ் இரண்டு கோடு போட்டாள்.

"கோடு சட்டப்படி தேவையில்ல" என்றார் வக்கீலம்மா.

"எனக்குத் தேவை" என்றாள் நாத்தனார்.

*

பக்கத்து அறை நோட்டரி சாப்பாட்டுக்குப் போய் வர இரண்டரை. மரக்கடைக்குப் போய்ச் சேர மூன்றேகால்.

மரத்தூள் வாசனை மூக்கைத் துளைக்கும் கண்ணாடி அறை. முதலாளி நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் மெத்தை ஒன்றின் மேல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். வாக்குமூலத்தை வாங்கி, வாய்விட்டுப் படித்தார். பாதியில் நிறுத்தினார். "மூல வியாதி என்று நான் புரிந்து... ஹா!" சிரிக்க ஆரம்பித்து, எதையோ நினைத்தவர்போல் முகத்தைச் சுளித்து, மெத்தையில் இடுப்பை நகர்த்திக்கொண்டார்.

"பொய் சொல்றவன் இவ்வளவு கேவலமா ஒரு காரணம் சொல்லமாட்டாம்மா. நம்பறேன்."

பிரேக் அக்காவுக்கு உயிர் வந்தது.

முதலாளி குமாஸ்தாவை வெளியே அனுப்பினார். குரலைத் தணித்தார். "சிஸ்டர், எழுதினது நீங்கதானே? ஒரு சின்ன சந்தேகம். ஒன்பது வருஷமா..."

நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த அசைவைப் பார்த்ததுமே பிரேக் அக்கா கைக்கடிகாரத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"ரத்தம் வருதா? ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணி குடிக்கிறீங்க?"

"நர்ஸம்மா, மணி மூணரை..."

"அண்ணி, வெளிய நில்லுங்க. நோயாளி விஷயம்."

வெளியே தேக்குப் பலகைகளுக்கு நடுவில் பிரேக் அக்காவும் கணவரும் நின்றார்கள். மூன்றே முக்கால். நான்கு. அவள் நகத்தைக் கடித்தாள். கணவர் ஒரு பலகையின் விலையை விசாரித்து, அவள் பார்த்த பார்வையில் பாதியில் விட்டார். நான்கு எட்டு. எங்கேயோ அறுவை இயந்திரம் கிறீச்சிட்டபோது அவள் நெஞ்சுக்குள்ளேயே அறுப்பதுபோல் இருந்தது.

நான்கு பதினொன்று. கதவு திறந்தது. நாத்தனாரின் கையில் முப்பத்திரண்டு பக்க நகல், பக்கத்துக்குப் பக்கம் ஈர முத்திரையோடு.

"நாளைக்குக் காலைல வான்னு சொல்ல இருந்தாராம். இப்பவே அவர் கையாலயே முத்திரை குத்தினார். நின்னுக்கிட்டே."

"ஏன் நின்னுக்கிட்டு?"

"உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

*

பல் டாக்டரின் வக்கீல் ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுப் பேசுகிறவர். நகலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். வாக்குமூலத்தை எடுத்தார். சிரிக்கவில்லை. பென்சிலைக் கூர்மையாக்கினார்.

நான்கு நாற்பத்திரண்டு.

"இதில் 'மூலம்' என்ற சொல் வெவ்வேறு பொருளில் மூன்று இடத்தில் வருகிறது" என்றார். "எங்கே எந்தப் பொருள் என்று தெளிவுபடுத்த வேண்டும்."

பல் டாக்டர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிரேக் அக்கா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் முதுகை நிமிர்த்தி, ஸ்கேன் ரிப்போர்ட் விளக்கும் தோரணையில் பதில் சொன்னாள்: "மொதல்ல வர்றது லேபிள். ரெண்டாவது வியாதி. மூணாவது பத்திரம். ரெண்டாவது தப்பு. அந்தத் தப்பு என்னோடது."

வக்கீல் மூன்று சொற்களின் மேலும் சின்னதாக எண் போட்டார். "இருபது வருஷத்தில் நான் படித்த ஒரே உண்மையான வாக்குமூலம் இது சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, பேனாவைப் பல் டாக்டர் பக்கம் தள்ளினார்.

கையெழுத்துகள் விழுந்தன. பிரேக் அக்கா மை காயும்வரைகூடக் காத்திருக்கவில்லை. படிக்கட்டில் இறங்கிக்கொண்டே போன் போட்டாள்.

"நாலு ஐம்பத்தாறு" என்றது கணக்கு வாத்தியாரின் குரல். "நாலு நிமிஷம் பாக்கி. டைல்ஸ்காரர் வாசல்ல நின்னு மணியைப் பாத்துக்கிட்டிருக்கார். என்ன சொல்லட்டும்?"

"வித்தாச்சு சார். எல்லாம் முடிஞ்சுது. வீடு எனக்குத்தான்."

மறுமுனையில் போனைக் கீழே வைக்கும் சத்தம். தள்ளி நின்று வாத்தியார் யாரிடமோ பேசுவது கேட்டது: "நீங்க கிளம்புங்க தம்பி. விடை வந்தாச்சு." பிறகு அவளிடம்: "கேட்டைத் திறந்து வைக்கிறேம்மா. காரை நேரா முற்றத்துக்கே கொண்டு வந்துடு."

அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கணவர், பின்னால் நாத்தனார். சாவியைத் திருகினாள். கியரைப் போட்டாள். கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டாள். கார் ஒரு குலுக்குக் குலுங்கி, ஓர் இருமல் இருமி, நட்ட நடுத்தெருவில் அணைந்துபோனது. பதினான்கு வருஷத்தில் முதல் தடவை.

பின்னால் இரண்டு வண்டிகள் ஹாரன் அடித்தன. கணவர் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே எதையோ ரசிக்க ஆரம்பித்தார்.

பின்சீட்டில் தொண்டையைச் செருமும் சத்தம்.

"மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "நாங்க யாரும் பாக்கல."